நாலு நாலாகக் குறைந்த பாட்டில்கள்

ஆறு வருடம் நான் கணக்கைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு மற்றவர்களைத் திட்டினால்தான் நியாயமாக இருக்கும்.

எங்கள் கார்ட்மோர் கர்லிங் கிளப்பின் பொதுக்குழு ஏப்ரலில், ஐஸ் கரைகிற வாரத்தில் நடக்கும். அதற்கு முன் உறுப்பினர்களில் இரண்டு பேர் வரவு செலவைப் பார்த்து, 'பார்த்தோம், சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் நகராட்சி மானியம் தரும். மானியம் வந்தால்தான் அடுத்த நவம்பரில் ஆட்டத்தரையில் ஐஸ் போட முடியும். பார்ப்பது என்பது என்னவென்றால், பொருளாளர் பைரன் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ரசீதுகளையும் ஒரு தட்டு நிறைய பட்டர் டார்ட் என்கிற இனிப்பையும் கொண்டுவந்து வைப்பான். டார்ட் தீர்வதற்குள் கையெழுத்து முடிந்திருக்கும். பெட்டியின் மூடியைத் திறந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

என்னோடு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் போன வருடம் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்துக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் குனிந்து ஷூவைப் பார்த்தோம். லூபா சவ்சுக் மட்டும் கையைத் தூக்கினார்.

லூபாவுக்கு அறுபத்தொன்பது வயது. நின்றால் என் தோளுக்கு வருவார். முப்பத்தொரு வருடம் ரயில் பாதை ஓரத்து தானியக் கிடங்கில் எடை மேடையில் வேலை. லாரி நிரம்பி வந்தால் ஒரு எடை, கொட்டிவிட்டுக் காலியாக வந்தால் ஒரு எடை. "உன் வாய்ல இருந்து எனக்கு எடை வேணாம், மேடையில ஏத்து" என்று என் அப்பாவையே அதட்டியிருக்கிறார். அப்போது நான் லாரியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன். அதனால் எனக்கு அவர் இன்றும் லூபா அக்கா, அவருக்கு நான் இன்றும் 'டேய் ஹார்வி'.

மழை பொய்த்த எண்பத்தெட்டாம் வருடம், ஒவ்வொரு லோடிலும் இரண்டு மூட்டை குறைத்து எழுதச் சொன்னார் கிடங்கு மேலாளர். லூபா எழுதமாட்டேன் என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவரை எடை மேடையிலிருந்து எடுத்து, வெளியே பனி அள்ளும் வேலையில் போட்டார்கள். பேசாமல் அள்ளினார். வசந்தத்தில் மேலாளர் மாற்றலாகிப் போனார், லூபா திரும்ப மேடைக்கு வந்தார். இதைப் பற்றி ஊரில் யாராவது புகழ ஆரம்பித்தால், "எடை என்னவோ அதை எழுதினேன். வேற என்னத்தை எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

கர்லிங்கில் மட்டும் அவர் அணிக்கு ராசி கிடையாது. பனித்தரையில் கனமான கல்லை வழுக்கவிட்டு, அது போகும் பாதையைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடும் ஆட்டம் இது. அணிக்கு நாலு பேர். லூபா தலைவராக, மூன்று தோழிகளோடு ஆடும் அணி மூன்று வருடத்தில் ஐந்தே ஆட்டம் ஜெயித்தது. எதிரில் அவர்கள் என்று தெரிந்தால் நாங்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷப்படுவோம்.

இந்த ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு, நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லில் உன் துடைப்பம் பட்டுவிட்டால், வேறு யாரும் பார்க்காவிட்டாலும், நீயே நின்று 'பட்டுவிட்டது' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடுவோம். வெளியூர்க்காரர்கள் வந்தால் இதைச் சொல்லித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஜெயித்த அணி, தோற்ற அணிக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கித் தர வேண்டும். பியர் குடிக்காதவருக்கு இஞ்சி சோடா, விலை ஒன்றுதான், ஐந்து டாலர். அதை வாங்காமல் எழுந்து போனால் அவமரியாதை.

இனி மாரிவிக். மாரிவிக் டும்லாவ் மணிலாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. கிளப்பில் கான்டீனும் பாரும் அவள் பொறுப்பு. எங்களுக்கு முட்டைக்கோஸ் உருண்டையும், கொழுக்கட்டை மாதிரி பெரோகியும் செய்து போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு வியாழக்கிழமை அவள் ஊர் நூடுல்ஸ் பண்ணினாள். அடுத்த வியாழனிலிருந்து பெரோகியை யாரும் சீண்டவில்லை. சிரித்த முகம், சின்னக் குரல். கர்லிங் ஆடமாட்டாள். ஐஸைக் கண்டாலே பயம்.

பிப்ரவரியில் பைரன் ஒரு கணக்கோடு வந்தான். மூன்று வருடத்தில் பாருக்கு வாங்கிய சரக்குக்கும் வங்கியில் கட்டிய பணத்துக்கும் இடையில் எட்டாயிரத்து எழுநூற்று எட்டு டாலர் இடிக்கிறது என்றான். செயற்குழு பத்து நிமிடம் கூடியது. தலைவர் டெல்மர் ஹாக் பேசினான். "நம்ம ஆளுங்க யாரும் தொடமாட்டாங்க. இந்தக் கட்டடத்துல கர்லிங் ஆடாதவ ஒருத்திதான் இருக்கா" என்றான். அதுதான் விசாரணை, அதுதான் தீர்ப்பு. நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன், வாயில் டார்ட்.

மார்ச் முதல் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று மாரிவிக்கிடம் சொல்லிவிட்டார்கள். போலீசுக்குப் போகவில்லையாம், அது எங்கள் பெருந்தன்மையாம்! ஆனால் அதே மாதம் அவளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் நிரந்தர வேலை கிடைப்பதாக இருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் ஒன்று மட்டும் வேண்டும், ஏப்ரல் பதினைந்துக்குள். டெல்மர் தரமுடியாது என்றான். சின்ன ஊர், அவன் ஏன் தரவில்லை என்பது ஒரு வாரத்தில் எல்லா வீட்டு மேஜைக்கும் போய்விட்டது.

மார்ச் நடுவில் ஒரு ஞாயிறு மதியம் நானும் லூபாவும் கிளப்பின் சமையலறையில் உட்கார்ந்தோம். பைரன் வழக்கம்போலப் பெட்டியோடும் தட்டோடும் வந்தான்.

"பெட்டியை வை. தட்டையும் வை. நீ வீட்டுக்குப் போ" என்றார் லூபா.

"ஏதாவது சந்தேகம் வந்தா நான் இருந்தா நல்லதில்லையா?"

"சந்தேகம் வர்றதுக்குத்தாண்டா உன்னைப் போகச் சொல்றேன்."

அன்று மாலை வரை ஒவ்வொரு ரசீதையும் பார்த்தோம். பைரனின் கூட்டல் கழித்தலில் தப்பில்லை. எட்டாயிரத்து எழுநூற்று எட்டு குறைவது உண்மைதான். நான் பேனாவை எடுத்தேன்.

"மாரிவிக்கைக் கேட்டியா?" என்றார் லூபா.

"அவளை என்ன கேக்கறது அக்கா?"

"மேடையில ஒரு எடைதான் பார்த்திருக்க. இன்னொரு எடை அவகிட்ட இருக்கும்ல. கிளம்பு."

மாரிவிக் கூட்டுறவுக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் கதவைத் திறந்தபடி அப்படியே நின்றாள். வீட்டைச் சோதனை போட வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே கூசியது. லூபா கோட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"ராத்திரி பூட்டும்போது கூலர்ல இருக்கற பாட்டிலை எண்ணுவியா?"

"தினமும் எண்ணுவேன் அக்கா."

"எழுதி வைப்பியா?"

அவள் உள்ளே போய் மூன்று காலண்டர் கொண்டுவந்தாள். விதைக்கடையில் சும்மா கொடுக்கிற காலண்டர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பொடி எழுத்தில் மூன்று எண்கள். திறக்கும்போது எத்தனை பாட்டில், மூடும்போது எத்தனை, கல்லாவில் எத்தனைக்குக் காசு.

"இதை ஏம்மா யாருக்கும் காட்டல?" என்றேன் நான்.

"யாரும் கேக்கலையே" என்றாள்.

இந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல எங்களுக்குப் பத்து நிமிடம் இருந்தது, அவளிடம் ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் இல்லை.

லூபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழித்துப் பார்க்க ஆரம்பித்தார். சனிக்கிழமைக் கல்யாணங்கள், கூட்டம், கல்லா நிறையப் பணம். குறைவு பூஜ்யம். செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மட்டும் குறைவு. செவ்வாய் பதினாறு பாட்டில். வியாழன் பதினாறு. அடுத்த செவ்வாய் பதினாறு.

"ஏண்டா ஹார்வி, எந்தத் திருடன் வாரத்துல ரெண்டு நாள் வந்து, பதினாறு எண்ணி எடுத்துட்டுப் போறான்?"

"பழக்கமா இருக்கும்."

"பனிப்புயல்ல ஆட்டம் நின்ன நாளைப் பாரு. பார் திறந்திருக்கு, நீங்க மாட்டிக்கிட்டுக் குடிச்சிருக்கீங்க. குறைவே இல்ல. திருடனுக்கும் பனின்னா பயமா?" அவர் விரல் ஜனவரியில் நின்றது. "இங்க பன்னெண்டு."

ஆட்ட முடிவுகளை எழுதும் தாள்கள், நாங்கள் கையோடு தூக்கிவந்திருந்த பைரனின் பெட்டியிலேயே இருந்தன. நான் புரட்டினேன். அந்த வியாழன் ஓர் அணி வரவில்லை, நாலு ஆட்டத்துக்குப் பதில் மூன்றுதான் நடந்தது. மூன்று ஆட்டம், பன்னிரண்டு பாட்டில். நாலு ஆட்டம், பதினாறு பாட்டில். நூற்றுப் பதினாலு நாளும் அப்படியே வந்தது, ஒரு பாட்டில் கூடக் குறையவில்லை.

லூபா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீ ஜெயிச்சா, தோத்தவனுக்கு வாங்கித் தர்ற பாட்டிலுக்குக் காசு யார் போடறா?"

முன்பெல்லாம் அதற்கு ஒரு நோட்டு இருந்தது. மாதம் முடிந்ததும் அணித்தலைவன் தீர்த்துவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் டெல்மர்தான், நண்பர்களுக்குள் நோட்டு எதற்கு என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பார் மேஜையில் ஓர் ஊறுகாய் ஜாடியை வைத்தான். ஜெயித்தவர்கள் அதில் போட்டுவிட வேண்டியது. எல்லோரும் கை தட்டினோம்.

"பசங்க போட்டிருப்பாங்க" என்றேன்.

"கேளு."

என் அணி ஆள் ஒருவனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "டேய், ஜாடியில நீதானே காசு போடுவே?"

"நானா? கேப்டன் நீ இருக்கும்போது நான் எதுக்குப் போடறேன்? உன் கௌரவம் என்ன ஆவறது?" என்று சிரித்தான். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். ஒருவன், "மூணு வருஷமா உன்னை வள்ளல்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றான்.

போனை வைத்தேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாரிவிக் காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்கும்தான்.

"டெல்மர் சார்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்" என்றாள் மெதுவாக. "ஜெயிச்சவங்க ஜாடியில போடறதில்ல சார்னு. கர்லிங் ஆடறவங்களைப் பத்தி அப்படிப் பேசாதேம்மா, எங்க தப்பை நாங்களே சொல்ற ஆளுங்க, அப்படின்னாரு."

பெட்டியிலிருந்த வங்கிச் சீட்டுகளின்படி, மூன்று வருடத்தில் அந்த ஜாடியில் விழுந்தது மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர். ஐந்து ஆட்டம் ஜெயித்த லூபா அணி ஐந்து முறையும் இருபது டாலர் போட்டிருக்கிறது, அதுவே நூறு. ஊரிலேயே மோசமான அணி போட்டது பாதி. பதினைந்து அணிகள் சேர்ந்து போட்டது மீதி. எத்தனை கோப்பைகள் கண்ணாடி அலமாரியில்!

பொதுக்குழு ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு. ஹாலில் எழுபது பேர் இருந்தோம். லூபா மாரிவிக்கையும் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தார். டெல்மர் அதைப் பார்த்துவிட்டான்.

"உறுப்பினர் இல்லாதவங்க பேச முடியாது லூபா, விதி இருக்கு."

"அவ பேசப் போறதில்ல. பேசப் போறது நான்" என்றார் லூபா.

பேசவும் இல்லை, படித்தார். அவர் அணியிலிருந்து ஆரம்பித்து, பதினாறு அணியின் பெயரும், எத்தனை ஆட்டம் ஜெயித்தது, எத்தனை பாட்டில் என்பதும். குரலை உயர்த்தவில்லை. என் அணி முப்பத்தெட்டு ஆட்டம், நூற்றைம்பத்திரண்டு பாட்டில், எழுநூற்றறுபது டாலர். டெல்மர் அணி நாற்பத்தேழு ஆட்டம், நூற்றெண்பத்தெட்டு பாட்டில், தொள்ளாயிரத்து நாற்பது டாலர். பாதியில் கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஆளாளுக்குத் தன் அணிக்காரனைத் திரும்பிப் பார்த்து, 'நீ போடலையா?' என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

டெல்மருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் தலைவன் அல்லவா! "அறிக்கையைப் பெற்றுக்கொண்டோம், லூபாவுக்கு நன்றி. அடுத்தது, கூரை ரிப்பேர்" என்றான்.

"நான் கையெழுத்துப் போடல" என்றார் லூபா.

"மானியம் போயிடும், தெரியுமா? பசங்க ஆட ஐஸ் இருக்காது."

"அந்தப் பொண்ணுக்கு லெட்டர் குடு, போடறேன்."

"சரி, குடுத்தாப் போச்சு." ஒரு தாளை இழுத்து ஒரு வரி எழுதி நீட்டினான். லூபா சத்தமாகப் படித்தார். "மாரிவிக் டும்லாவ் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை."

படித்துவிட்டு அதை நாலாகக் கிழித்தார்.

"நிரூபிக்கப்படல இல்லடா. அவ எடுக்கல. எடுத்தது நாம. அதை எழுது."

"அப்படியெல்லாம் கிளப் பேர்ல எழுத முடியாது லூபா! வெளியில நம்ம மானம் என்ன ஆவறது?" என்றவன் என் பக்கம் திரும்பினான். "ஹார்வி, ஆறு வருஷமா கையெழுத்துப் போடறவன் நீ. நீ போட்டுடு, இன்னொருத்தரைப் பொதுக்குழுவே நியமிச்சுக்கலாம்."

அவன் என்னை எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருக்கிறான் என்பதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்தேன். கோபமா வெட்கமா தெரியவில்லை.

"என் துடைப்பம் கல்லுல பட்டுடுச்சு" என்றேன். "முப்பத்தெட்டு தடவை. நான் சொல்லல. பழியை இந்தப் பொண்ணு தலையில கட்டும்போதும் பக்கத்துல உக்காந்து தின்னுக்கிட்டிருந்தேன். லெட்டரை நான் எழுதறேன் டெல்மர்."

எழுதினேன். நல்ல எழுத்து இல்லை எனக்கு. மாரிவிக் டும்லாவ் எங்களிடம் ஐந்து வருடம் வேலை பார்த்தார். ஒரு பாட்டிலும் ஒரு டாலரும் எடுக்கவில்லை. குறைந்த பணம் முழுவதும், நாங்கள் ஜெயித்துவிட்டுத் தராமல் போனது. அவர் எண்ணி எழுதி வைத்திருந்தார், நாங்கள் பார்க்கவில்லை. கீழே பதினாறு அணித்தலைவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன், எழுநூற்றறுபது டாலருக்குக் காசோலையும் எழுதி ஜாடியில் போட்டேன். லூபா போட்டார். பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாக இழுபட்டன. சிலர் தலையைத் தூக்காமல் வந்து போட்டார்கள், ஒருவன் மாரிவிக்கிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு அழுதான். வரிசை முடிந்ததும் லூபா தாளைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார்.

அவள் படிக்கவில்லை. முதலில் எண்ணினாள். விரலை ஒவ்வொரு கையெழுத்தின் மேலும் வைத்து, ராத்திரி கூலரை எண்ணியது போலவே எண்ணினாள். பிறகு தலையைத் தூக்கினாள். பேசக் கூடாது என்ற விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

"பதினஞ்சு இருக்கு அக்கா" என்றாள். "நாலு நாலா வரல."

எழுபது பேரும் டெல்மரைப் பார்த்தோம். கூரை ரிப்பேர்த் தாளை அவன் இரண்டு முறை மடித்தான், பிரித்தான். கடைசியில் எழுந்து ஹாலின் முழு நீளமும் நடந்து கடைசி வரிசைக்குப் போனான். மேஜை இல்லை அங்கே. மாரிவிக் தன் காலண்டரைத் திருப்பி முழங்காலில் வைத்துக் கொடுத்தாள். அதன் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

அவள் மறுபடியும் ஒருமுறை எண்ணினாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். இதுவரை யாரும் திருப்பிக் கேட்டிராத கான்டீன் சாவியை எடுத்து லூபாவிடம் கொடுத்தாள்.

"காபி குடிச்சிட்டுப் போயேம்மா" என்றார் யாரோ.

"இல்ல, வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.